எண்ணுக்கு முன்னால் ஓர் எண்

குடிகாட்டில் அண்ணன் மகளின் பழைய மடிக்கணினியில் டெபியன் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் இணையம் கிடையாது. லிப்ரே ஆபீசின் தமிழ்ப் பொதியைச் சிதம்பரத்தில் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு பஸ் பிடித்து வந்தேன். கோப்பின் பெயரில் 7.0.4 என்றிருந்தது. நிறுவி முடித்ததும் திரை 1:7.0.4 என்றது.

"சித்தப்பா, இந்த ஒண்ணு எங்கேருந்து வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் தூங்கவும் முடியவில்லை.

ராத்திரியே கோப்பைப் பிரித்தேன். டெபியனின் பொதிக் கோப்பான டெப் என்பது வெளியே, ஏஆர் என்ற கருவி கட்டிய ஒரு கட்டு. 1971இல் வந்த முதல் யூனிக்ஸிலேயே அந்தக் கருவி உண்டு. உள்ளே மூன்று உருப்படிகள். முதலாவது வெறும் 4 பைட்: 2.0, பிறகு ஒரு வரிமுடிவு. இரண்டாவதில் பொதியைப் பற்றிய குறிப்புகள், மூன்றாவதில் நிறுவ வேண்டிய கோப்புகள். குறிப்பைத் திறந்தேன். அங்கேதான் இருந்தது அந்த 1:.

அதை ஈபாக் என்கிறார்கள். எழுதாவிட்டால் 0 என்று கணக்கு. பொதிகளை நிறுவும் டிபிகேஜி ஒப்பிடும்போது முதலில் பார்ப்பது இதைத்தான், அதனால் 1:0.5 என்பது 9.0ஐ விடப் புதியது. எதற்கு இந்த ஏற்பாடு? தேதியை எண்ணாக வைத்து 20050101 என்று வெளியிட்டவர் அடுத்து 1.0 என்று ஆரம்பித்தால், புதியது என்றைக்கும் பழையதாகவே தெரியும். யாருக்கும் போய்ச் சேராது. முன்னால் ஒரு 1: போட்டால் தீர்ந்தது. ஆனால் போட்டதை அப்புறம் எடுக்க முடியாது.

அப்பா சிப்காட்டில் பீப்பாய்களுக்கு பேட்ச் எண் போட்டவர். லாரி ஏறிப்போன எண்ணை வேறு சரக்குக்குப் போடவே கூடாது என்பார். டெபியனுக்கே அப்படி ஓர் எண் கைவிட்டுப் போயிருக்கிறது. 1995 கடைசியில் ஒரு குறுந்தகடு நிறுவனம், பாதி வேலையில் இருந்த பதிப்பை டெபியன் 1.0 என்று அச்சிட்டு விற்றுவிட்டது. சரியாகத் துவங்குமா என்பதே சந்தேகமான பதிப்பு. அந்த எண்ணை மீட்க முடியாதென்று, 1996 ஜூனில் அடுத்த வெளியீட்டை 1.1 என்றே கொண்டுவந்தார்கள். 1.0 என்று ஒன்று வரவே இல்லை. இதைப் படித்தபோது அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

காலையில் அந்த 4 பைட்டை அவளிடம் காட்டினேன். "2.0ன்னா அதுக்கு முன்னாடி?" என்றாள். முன்னாடி வேறொரு வடிவம். ஏஆர் கட்டே இல்லை. கோப்பின் முதல் வரியிலேயே எண், அடுத்த வரியில் குறிப்புக் கட்டின் நீளம். 90களின் நடுவிலேயே வழக்கொழிந்தது. என்றாலும் டிபிகேஜி அதைக் கைவிடவில்லை. கேட்டால் இன்றும் அந்த வடிவத்தில் கட்டிக் கொடுக்கும்.

அந்த வடிவத்தில் அவள் பெயரிலேயே ஒரு சின்னப் பொதி கட்டினோம். திறந்தால், முதல் வரி: 0.939000.