பௌர்ணமி பஸ் ஓட்டிய அப்பாவும் பாதி கிரிவலமும்

என் அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பௌர்ணமி வந்தால் சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு ஸ்பெஷல் பஸ் விடுவார்கள் இல்லையா? அதில் எத்தனை முறை டியூட்டி பார்த்தார் என்று அவருக்கே கணக்கில்லை. ஆனால் ஒருமுறைகூட கிரிவலம் போனதில்லை. ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு, பயணிகள் திரும்பி வரும்வரை சீட்டிலேயே படுத்துத் தூங்குவார். “ராத்திரி பூரா நடந்துட்டு விடியக்காலைல ஸ்டியரிங் பிடிச்சா, அம்பது பேரை எங்க கொண்டுபோய் விடறது?” என்பார்.

இப்போது அவருக்கு 72 வயது. மூட்டு வலி வேறு. நாங்கள் இருவரும் கிளம்பிய ஐந்து நாள் கேரவன் பயணத்தில் முதல் நிறுத்தமாகத் திருவண்ணாமலையை வைத்தது அதனால்தான்.

கேரவன் என்றதும் ஷூட்டிங்கில் நிற்கும் பெரிய வண்டியை நினைக்க வேண்டாம். எங்களுடையது வேன் அளவுதான். இரண்டு படுக்கை, சின்ன ஃப்ரிட்ஜ், ஒரு மின் அடுப்பு, கழிவறை. டிரைவரோடுதான் வாடகைக்குத் தருகிறார்கள். எழுபதைத் தாண்டியவர்களோடு பயணம் போகிறவர்களுக்கு அந்தக் கழிவறையின் அருமை புரியும். ‘எங்க நிறுத்தறது’ என்ற கவலை இல்லாமல் அப்பா வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டு வந்ததை அன்றுதான் பார்த்தேன். வண்டி எடுக்கும்போது மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: தண்ணீர் டேங்க் எத்தனை லிட்டர், கழிவு டேங்கை எங்கே காலி செய்வார்கள், இன்ஜினை அணைத்தால் ஏசி ஓடுமா. எங்கள் வண்டியில் ஓடாது. ஃபேன்தான்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம். அங்கே மேற்கே திரும்பினால் செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை. சென்னையிலிருந்து மொத்தம் சுமார் 190 கிலோமீட்டர். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவர் தம்பிக்கு ஒவ்வொரு வேகத்தடையையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். பாதி இடங்களில் இப்போது வேகத்தடையே இல்லை!

இந்தப் பாதையில் எனக்கு ரமணர் ஞாபகம் வராமல் இருக்காது. 1896-ல், 16 வயதில், மதுரையில் இதே திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கித்தான் ரயிலேறினார். ஆனால் இறங்கியது விழுப்புரத்தில். பிறகு மாம்பழப்பட்டு, அங்கிருந்து நடை. கையில் காசில்லாமல் கீழூரில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்தார். ஆகஸ்ட் 29-ல் கிளம்பியவர் செப்டம்பர் 1-ம் தேதிதான் அண்ணாமலையை அடைந்தார். நாங்கள் ஏசியில் சாய்ந்தபடி எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம்.

சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தியது செஞ்சியில், ராஜகிரி கண்ணில் படும்படி. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். “இத்தனை வருஷம் இதைத் தாண்டித்தான் போயிருக்கேன். நின்னு பார்த்ததில்ல” என்றார் அப்பா. மேலே ஏற அவராலும் முடியாது, அந்த வெயிலில் என்னாலும் முடியாது.

திருவண்ணாமலை பெரிய வண்டிக்கான ஊர் இல்லை. கோயிலைச் சுற்றிய வீதிகளில் ஆட்டோவே திணறுகிறது. கேரவனை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு ஆட்டோவில் போய், மாலையில் தரிசனம் முடித்தோம். கிழக்கே ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. அங்கிருந்து ஏழு மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். பௌர்ணமி இல்லாத சாதாரண நாள் என்பதால் கூட்டமே இல்லை. முழங்கால் சரியில்லாதவர்கள் இப்படி ஒரு நாளில் போவதுதான் நல்லது என்பேன்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கத்தில் தொடங்கி எட்டுத் திசைக்கும் ஒரு லிங்கம். மலை எப்போதும் வலப்பக்கம். அக்னி லிங்கம், ரமணாசிரமம், எம லிங்கம் வரை அப்பா பேசிக்கொண்டே வந்தார். செங்கம் சாலையிலிருந்து கிரிவலப் பாதைக்குள் திரும்பியதும் பேச்சு நின்றது. முதலில் பக்தி என்று நினைத்தேன். நிருதி லிங்கம் தாண்டியபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் வலி என்று தெரிந்தது. “ஆட்டோ கூப்பிடட்டுமாப்பா?” என்றேன். “வேணாம்மா. மெதுவா வரேன்.” ஆதி அண்ணாமலை கோயில் வருவதற்குள் மணி பத்தாகிவிட்டது. ஏறக்குறைய பாதி வழி. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

டிரைவர் தம்பிக்கு போன் செய்தேன். டீக்கடை அம்மாவிடம் கேட்டு, கடையை ஒட்டிய காலி இடத்தில் வண்டியை நிறுத்தினோம். படுக்கை நடக்கிற இடத்துக்கே வந்து நின்றது அன்றுதான். வாடகை கொஞ்சம் அதிகம்தான் என்ற என் புலம்பலும் அத்தோடு நின்றது.

அப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். “பாதியில படுத்துட்டுக் காலைல மீதியை நடந்தா, அது கணக்குல வருமாம்மா?” என்று டீக்கடை அம்மாவிடமே கேட்டார்.

“மலை எங்கயும் போயிடாது ஐயா. படுத்து எழுந்து வாங்க. நாலு மணிக்கு நானே பால் காய்ச்சிடுவேன்.”

தைலம் தேய்த்துவிட்டேன். நாலு மணிக்கு அலாரம் வைக்கச் சொன்னார். பிறகு, படுக்கப் போனவர் மறுபடி இறங்கி, இருட்டில் தேடி ஒரு கல்லை எடுத்துவந்து பின் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். “தம்பி, ஹேண்ட் பிரேக் போட்டுட்டியா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் படுத்தார்.