ஹாட்ஸ்பாட் எட்டும் தூரம்

ஒரே ஒரு செல்போனின் ஹாட்ஸ்பாட்டை நம்பிப் பிள்ளைகளின் படிப்பு நடக்கும் வீடுகள் காரிமங்கலம் பக்கம் நிறைய உண்டு. எங்கள் வீடும் அதில் ஒன்று. மகள் கல்லூரிப் பாடத்தை லேப்டாப்பில் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். “அப்பா, போனைக் கொஞ்சம் பக்கத்துல கொண்டாங்க” என்பாள். பக்கத்தில் கொண்டுபோனால் போனில் டவர் சிக்னல் விழுந்துவிடும்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. டவரிலிருந்து போனுக்கு ஒரு பயணம், போனிலிருந்து லேப்டாப்புக்கு இன்னொரு பயணம். இரண்டும் நன்றாக இருந்தால்தான் பாடம் ஓடும். எங்களுக்கு நெடுஞ்சாலையைப் பார்த்த மாடி ஜன்னலில் டவர் நன்றாகக் கிடைக்கும்; மகள் படிப்பதோ கீழறையில். நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். கடைசியில் மாடிப்படி திரும்பும் இடத்து ஜன்னல் திட்டில் போனை வைத்தோம். டவரும் கிடைத்தது, படிக்கட்டு வழியே அலை கீழேயும் இறங்கியது.

போனின் ஹாட்ஸ்பாட் மிகக் குறைந்த திறனில் இயங்குவது. திறந்தவெளியிலேயே தூரம் இரண்டு மடங்கானால் வலு நான்கில் ஒன்றாகிவிடும். இரும்பு பீரோ அலையைத் திருப்பி அனுப்பும். தண்ணீர் நிறைந்த டிரம்மும் மனித உடலும் அதை உறிஞ்சும். ஆகவே போனை இடுப்பு உயரத்துக்கு மேல், இரும்பிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் விலக்கி வைப்பது நல்லது.

பல போன்களின் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் இருக்கும். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். 2.4 மெதுவானாலும் சுவர் தாண்டிப் போகும். வீடியோ பாடத்துக்கு அந்த வேகமே போதும். தூரம்தான் வேண்டுமென்றால் 2.4ஐத் தேர்ந்தெடுங்கள். ஒரே மேசையில் படிப்பதென்றால் யுஎஸ்பி கேபிளில் இணைப்பதே மேல். போன் சார்ஜும் ஏறும்.

இவ்வளவுக்கும் எட்டாவிட்டால் வைஃபை ரிப்பீட்டர் வாங்கலாம். வாங்கிய அலையையே திருப்பி அனுப்புவதால் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதை லேப்டாப்பின் அருகில் வைக்காமல், போனின் அலை இன்னும் நன்றாக எட்டும் நடுவழியில் வைக்க வேண்டும். டவர் சிக்னலைப் பெருக்குவதாகச் சொல்லி விற்கும் பூஸ்டர் வேறு சங்கதி. அனுமதியின்றி அதை மாட்டுவது சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்தார் போன்களின் சிக்னலும் அதனால் கெடும்.

கிராமத்துப் பெண்பிள்ளைகள் பட்டம்வரை படிக்க வந்திருக்கும் காலம் இது. சிக்னல் இல்லையென்று ஒரு பாடம்கூட அவர்களுக்குத் தவறக்கூடாது. எதையும் காசு கொடுத்து வாங்குமுன், போனைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டின் ஒவ்வொரு ஜன்னலிலும் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.