தொலைவைச் சுமப்போர்

நுழையும்முன்

நாம் உடுத்தும் ஆடை பின்னப்பட்டுத் தைக்கப்படும் முறையை ஓரளவு அறிவோம். அது நம் கைக்கு வந்து சேரும் வழியை அறிவோமா? பொருளை ஆக்குவதைப் போலவே, அதனை உரிய இடத்தில் உரிய காலத்தில் சேர்ப்பதும் உழைப்பே ஆகும். பின்னலாடை நகரமான திருப்பூரில் வளர்ந்த ஒருவரின் பட்டறிவாக அமைகிறது இக்கட்டுரை.

நொய்யல் கரைப் பெருவழி

என் ஊர் திருப்பூர். ஊரின் நடுவே நொய்யல் ஓடுகிறது. ஆற்றைத் தொடர்ந்து கிழக்கே சென்றால், சென்னிமலைக்கு அருகில் கொடுமணல் என்னும் சிற்றூரை அடையலாம். பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனக் குறிக்கப்படும் ஊர் இதுவே என்பர் ஆய்வாளர். மணிக்கற்களில் அணிகலன் செய்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களும் இங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் வெளிப்பட்டன. கரூரையும் மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறியையும் இணைத்த பெருவழியில் இவ்வூர் இருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வணிகச் சாத்துகள் வந்து சென்றன.

கொடுமணலில் மணிகளுக்குத் துளையிட்ட கைவினைஞரை அகழாய்வு நமக்குக் காட்டுகிறது. அம்மணிகளை முசிறிவரை சுமந்தவரைக் காட்டுவதில்லை. ஆக்கியவரின் பட்டறை மண்ணுக்குள் எஞ்சுகிறது. சுமந்தவரின் காலடி எஞ்சுவதில்லை. என் ஊரின் கதையை நினைக்கும்போதெல்லாம் இவ்வேறுபாடே என் உள்ளத்தில் முன்நிற்கிறது.

பழைய பெருவழிக்குப் பின் இருப்புப்பாதை வந்தது. சென்னையையும் மேற்குக் கடற்கரையின் பேப்பூரையும் இணைத்த பாதை 1862இல் நிறைவுற்றது. அப்பாதையில் அமைந்ததால் பஞ்சு வணிகம் திருப்பூரில் வளர்ந்தது. பின்னர்ப் பனியன் தொழில் வேரூன்றியது. பனியன் என்னும் சொல்லே வணிகரைக் குறிக்கும் குசராத்திச் சொல்லிலிருந்து போர்ச்சுகீசியர் நாவின் வழியாகப் பயணம் செய்து வந்தது என்பர். எங்கள் ஊரில் பொருள் மட்டுமன்று, அதன் பெயரும் பயணத்தின் விளைவே.

ஊருக்குள் ஒரு பயணம்

ஒரு பனியன் திருப்பூரை விட்டு வெளியேறுவதற்கு முன்பே ஊருக்குள் பலமுறை பயணம் செய்து முடித்துவிடும். நூற்பாலையிலிருந்து வரும் நூல் முதலில் நிட்டிங் கூடத்திற்குச் செல்கிறது. அங்கு உருளையாகச் சுற்றப்படும் துணி சாயப்பட்டறைக்குப் போகிறது; அடுத்து காம்பாக்டிங் செய்யும் இடத்திற்கும் அச்சிடும் இடத்திற்கும் செல்கிறது. வெட்டுதல் ஓரிடம், தைத்தல் ஓரிடம், காஜா எடுத்துப் பொத்தான் வைத்தல் வேறிடம். எல்லா வேலைகளையும் ஒரே கூரையின்கீழ் செய்யும் பெரிய ஆலைகளும் உண்டு. ஆயினும் ஊரின் உயிர், ஒவ்வொரு வேலையை மட்டும் செய்யும் சிறு கூடங்களில் இருக்கிறது. இக்கூடங்களை ஒன்றாக இணைப்பவை மொபெட்டுகளும், நாங்கள் குட்டியானை என்றழைக்கும் சிறு சரக்கு வண்டிகளுமே.

இவ்விணைப்பின் அருமை 2011இல் புலப்பட்டது. நொய்யலைக் கெடுத்த கழிவுநீரைத் தடுக்கும் பொருட்டு, சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி அவ்வாண்டு சனவரி இறுதியில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஆற்றுக்கு அந்த ஆணை தேவையாயிருந்தது. ஆயினும் சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்ததும் முன்னும் பின்னுமிருந்த கண்ணிகள் தளர்ந்தன. துணி சாயமேற வெளியூர்களுக்குப் போய்த் திரும்பியது. அதன் செலவும் காலமும் ஒவ்வொரு கூடத்தின் கணக்கிலும் ஏறின.

தந்தையின் தோள்

என் தந்தை லாரி ஷெட்டில் சுமை தூக்கும் தொழிலாளி. 1980களில் பனியன் பண்டல்களைச் சாக்கில் பொதிந்து கோணி ஊசியால் தைப்பார்கள். சாக்கின்மேல் பெறுபவரின் பெயரையும் ஊரையும் தூரிகையால் எழுதவேண்டும். பள்ளி விடுமுறைகளில் அவ்வேலை எனக்குக் கிடைத்தது. கல்கத்தா, லூதியானா, கான்பூர், கௌஹாத்தி என்று எழுதுவேன். நிலவரைபடத்தில் பார்ப்பதற்கு முன்பே அவ்வூர்களின் பெயர்களைச் சாக்கின் சொரசொரப்பில் பழகியிருந்தேன்.

மூட்டை லாரியில் ஏறியதும் ஒரு ரசீது எழுதப்படும். விற்பவர் அந்த ரசீதை வங்கி வழியாக அனுப்புவார். வாங்குபவர் வங்கியில் பணம் கட்டி ரசீதைப் பெற்று, அதைக் காட்டி மூட்டையை எடுத்துக்கொள்வார். ஒருவரையொருவர் காணாத இருவர், ஒரு தாளை நம்பி வணிகம் செய்தனர். அந்தத் தாளுக்கு மதிப்பளித்தது, வழியில் மூட்டையைத் தொட்ட அத்தனை கைகளின் நேர்மை.

மழை பெய்த நாளொன்றில் தந்தை தம் தலைத்துண்டை அவிழ்த்து மூட்டையின்மேல் போர்த்தினார். நான் வியந்து நோக்கியபோது, “சுமக்கறது பெரிய காரியமில்ல கண்ணு, எடுத்ததை எடுத்தபடியே கொண்டுபோய்ச் சேத்தோணும்” என்றார். சரக்குப் போக்குவரத்தைப் பற்றி நான் பின்னாளில் கற்றவை எல்லாம் அவ்வொரு தொடரின் விரிவுரைகளே.

இன்று தாள்கள் திரைக்குள் சென்றுவிட்டன. 2017 சூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. 2018 ஏப்ரல் முதல், ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைக் கடக்க ‘இ-வே பில்’ என்னும் மின்னணு வழிச்சீட்டு வேண்டும் என்றானது. மூட்டை தூக்குவோர் பலர் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள். எல்லாம் மாறினாலும் தோள்மீது அழுந்தும் எடை மாறவில்லை.

கடல்வழியின் கெடு

1978இல் இத்தாலிய இறக்குமதியாளர் ஒருவர் வந்து வாங்கிய வெள்ளைப் பனியன்களே திருப்பூரின் ஏற்றுமதிக்குத் தொடக்கம் என்பர். 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. இன்று சரக்குப் பெட்டகங்கள் மாலையில் புறப்பட்டு, இரவெல்லாம் ஓடித் தூத்துக்குடியை அடைகின்றன. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்ட வ.உ.சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது அத்துறைமுகம்.

பெட்டகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1956இல் அமெரிக்கரான மால்கம் மெக்லீன், ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பலில் 58 பெட்டகங்களை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏற்றும் முறை அதன்பின் மெல்ல மறைந்தது. கப்பல் கட்டணம் குறைந்தது. தொலைநாட்டுக் கடைகளில் திருப்பூர் ஆடை இடம்பெற வழி பிறந்தது. துறைமுகங்களில் சுமைதூக்கியோர் பலர் வேலை இழந்ததும் அதே மாற்றத்தால்தான்.

கடல்வழி கெடு தவறாதது. உரிய நாளில் கப்பலேறாத சரக்கை ஏற்றுமதியாளர் தம் செலவில் விமானத்தில் அனுப்ப நேர்வதுண்டு. அப்போது இலாபம் முழுதும் வானில் கரைந்துவிடும். 2021 மார்ச்சில் ‘எவர் கிவன்’ என்னும் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி, ஆறு நாள்கள் வழி அடைபட்டது. 2023 இறுதியிலிருந்து செங்கடலில் நிகழ்ந்த தாக்குதல்களால், கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. எங்கோ வழி நீண்டால், இங்கே தையற்கூடத்தில் இரவுப்பணி நீளும்.

வாசல்வரை வரும் பொட்டலம்

வீட்டுக்கே பொருளை வரவழைத்து, பெற்றபின் பணம் கொடுப்பது புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். இந்திய அஞ்சல்துறை 1877இலேயே வி.பி.பி. முறையைத் தொடங்கிவிட்டது. ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15இல் வந்தது. அஞ்சற்காரர் நடந்து பழக்கிய பாதையில்தான் இணைய வணிகம் இன்று விரைந்து ஓடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு பெண்மணி நான்கு தையல் எந்திரங்களை வைத்துக் குழந்தைகளுக்கான ஆடை தைக்கிறார். முன்பு காதர்பேட்டைக் கடைகளுக்குக் கொடுத்தவர், இப்போது இணையம் வழியாக அசாமுக்கும் குசராத்துக்கும் விற்கிறார். இடைத்தரகரின்றி நாட்டின் எந்த வாசலையும் தொடமுடிகிற இவ்வாய்ப்பு, முன்னாளில் பெருமுதலாளிகளுக்கும் வாய்க்காதது. ஆனால், அனுப்பிய பொட்டலங்களில் சில திரும்பி வருகின்றன. அளவு பொருந்தவில்லை, வீட்டில் ஆளில்லை, மனம் மாறிவிட்டது எனக் காரணங்கள் பல. ஒருநாள் திரும்பிவந்த சட்டையைப் பிரித்து மடித்தபடி அவர் சொன்னார்: “போய்ட்டு வந்தது துணி மட்டுமில்லீங்ண்ணா, என்ற பத்து நாளுந்தானுங்க.”

அப்பொட்டலத்தின் மறுமுனையில் வேறொருவர் நிற்கிறார். எங்கள் குடியிருப்புக்குப் பொருள் கொண்டுவரும் இளைஞருக்குப் பொட்டலக் கணக்கில் கூலி. மூன்று மாடி ஏறியபின் கதவு பூட்டியிருந்தால், அந்த நடைக்குக் கூலி இல்லை என்றார் அவர். இத்தகையோரைச் சட்டம் இப்போதுதான் பெயர்சொல்லி அழைக்கத் தொடங்கியிருக்கிறது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு ‘கிக்’ தொழிலாளர் யாவர் என வரையறுத்தது. தமிழ்நாடு அரசு 2023இல் அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. கொடுமணல் காலத்திலிருந்து பெயரின்றி நடந்தவருக்கு ஏட்டில் ஓரிடம் கிடைத்திருக்கிறது.

தொலைவு குறைகிறதா?

உலகம் சுருங்கிவிட்டது என்கிறோம். திருப்பூருக்கும் கௌஹாத்திக்கும் இடையேயுள்ள தொலைவு என் சிறுவயதில் இருந்த அளவே இன்றும் இருக்கிறது. வாங்குபவர் முன்பு சந்தைக்கு நடந்தார். இன்று அவருக்காக வேறொருவர் நடக்கிறார். தொலைவு குறையவில்லை, அதைச் சுமக்கும் தோள்தான் மாறியிருக்கிறது. ‘கட்டணமின்றி வீடுவந்து சேரும்’ என்னும் தொடரில், கட்டணம் செலுத்தாதவர் நாம்; செலுத்துபவர் தையற்கூடத்திலோ, சாலையிலோ, மாடிப்படியிலோ இருக்கிறார்.

விரைவு வேண்டாதது என்று நான் சொல்லவில்லை. நான்கு எந்திரம் கொண்ட பெண்ணுக்கு நாடு முழுவதையும் சந்தையாக்கிக் கொடுத்தது அவ்விரைவே. ஆனால், அதன் விலையைச் சுமப்பவருடன் பகிர்ந்துகொள்ளும் நெறியும் உடன்வளர வேண்டும். அதற்குச் சட்டம் ஒரு கை கொடுக்கும். மறுகை நம்முடையது: அளவைச் சரிபார்த்துக் கேட்பது, சொன்ன நேரத்தில் கதவைத் திறப்பது, வாங்குமுன் ஒருமுறை எண்ணிப்பார்ப்பது, வந்து நிற்பவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பது. விருந்தோம்பலை அறமாகப் போற்றிய மொழி நம்முடையது. அவ்வறம் வாசலில் பொட்டலத்தோடு நிற்பவரையும் உள்ளடக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள ஆடை ஒன்று கடந்துவந்த வழியை விசாரித்து, ஒரு பக்க அளவில் எழுதுக.
2. உங்கள் பகுதியில் பொருள் சேர்க்கும் பணியாளர் ஒருவரிடம் நேர்காணல் நிகழ்த்த வினாக்கள் பத்து உருவாக்குக.