அளந்து பார்த்த பிறகு

ஏற்றத்தில் கார் திணறினால் பெற்றோல் பம்ப் பழுது என்று பலரும் முடிவு கட்டிவிடுவார்கள். வாப்பாவின் ஹயர் காருக்கும் ஒரு கராஜில் அதையே சொன்னார்கள். புதிய பம்ப் வாங்க என் டியூஷன் பணத்தைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மாமா அமுக்கமானியுடன் வந்தார். அந்த எஞ்சினின் இன்ஜெக்டர்களுக்கு ஏறத்தாழ 300 கிலோபஸ்கால் அமுக்கத்தில் பெற்றோல் வர வேண்டும்; அது வளிமண்டல அமுக்கத்தின் மும்மடங்கு. எஞ்சின் ஓடும்போது ஃபில்டருக்குப் பின்னால் அளந்தார். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் முள் 180க்கு இறங்கியது. ஃபில்டருக்கு முன்னால் அளந்தார், 300ஐத் தாண்டியது. பம்ப் நன்றாகவே தள்ளியது. அடைபட்டிருந்தது ஃபில்டர்தான். எஞ்சினை நிறுத்திய பின்னும் முள் சட்டென விழவில்லை, ஆகவே கசிவுமில்லை.

ஃபில்டரை மட்டும் மாற்றினோம். பௌதிகவியலில் அமுக்க வித்தியாசம் எனக்கு வெறும் கணக்காகவே இருந்தது. இரண்டு இடங்களில் அளந்தால் தடை எங்கே என்று தெரிந்துவிடும் என்பதை அந்த முள்தான் காட்டித் தந்தது.