கோடை கற்பித்த பாட்டு

கோடை விடுமுறை என்றதும் துள்ளாத மாணவியர் உள்ளம் உண்டோ? சென்ற ஆண்டுத் தேர்வு நெருங்கிய வேளையில் எங்கள் தமிழாசிரியையான சிஸ்டர், "கோடையின் இன்பத்தைப் பற்றிச் சிறுவர் பாடுவதற்கு ஆளுக்கொரு பாட்டு எழுதி வாருங்கள்" என்றார்கள். நாங்களும் எழுதினோம். எங்கள் பாட்டுகளில் வசந்தம் வந்தது, தென்றல் தவழ்ந்தது, உதகையின் பனிமூட்டம்கூட எட்டிப் பார்த்தது!

சிஸ்டர் பொறுமையுடன் எல்லாவற்றையும் படித்துவிட்டு, "இவற்றுள் நீங்கள் கண்ணால் கண்டது எது?" என்று கேட்டார்கள். நாங்கள் தலைகுனிந்தோம்.

பின்பு அவர்கள், 1876-இல் தேரூரில் பிறந்து ஆசிரியராகப் பணியாற்றிய கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையைப் பற்றிக் கூறினார்கள். தோட்டத்துப் பசுவையும் கன்றையும் எளிய சொற்களால் அவர் பாடியதால்தான் எழுத்தறியாக் குழந்தையும் அதைப் பாடி மகிழ்கிறது. நம் நெல்லையில் பயின்ற பாரதியாரும் 1915-இல் எழுதிய பாப்பா பாட்டில் கோழி, காக்கை, நாய் என வீட்டு முற்றத்தில் காணும் உயிர்களையே பாடினார்.

அன்று எங்களுள் ஒருத்தி மட்டும் வெறுந்தாளைக் கொடுத்திருந்தாள். "எனக்குக் கோடையில் இன்பம் ஏது, சிஸ்டர்? அம்மா பீடி சுற்றுவார்கள். சுளகை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து நான் இலை வெட்டிக் கொடுப்பேன்" என்றாள். விடுமுறை முடிந்து வந்ததும், "எந்த ஊருக்குப் போனாய்?" என்று ஆண்டுதோறும் அவளைக் கேட்டவர்கள் நாங்கள்! அந்தக் கேள்வி அன்று எங்களையே சுட்டது.

"ஒரு நாளில் உனக்கென்று ஒரு நாழிகையாவது இராதா? அதை எழுது" என்றார்கள் சிஸ்டர்.

மறுநாள் அவள் எட்டு வரிகள் எழுதி வந்தாள். மாலையில் பீடிக் கட்டுகளைக் கடையில் கொடுத்துவிட்டுத் தாயும் மகளும் ஆற்றுக்குப் போகிறார்கள். பிற ஆறுகள் வறண்டு கிடக்கும் சித்திரையிலும் பொதிகையில் பிறந்த தாமிரபரணி முழங்காலளவேனும் ஓடுகிறது. கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்த விரல்களை அவள் தண்ணீரில் வைக்க, சின்னஞ்சிறு மீன்கள் வந்து முத்தமிடுகின்றன. அம்மா சிரிக்கிறாள். பாட்டு அவ்வளவுதான். வகுப்பே அமைதியாயிற்று.

அந்த விடுமுறையில் நாங்கள் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டோம். தம்பி ஓட்டிய நுங்கு வண்டி, பனையோலைப் பட்டையில் குடித்த பதநீர், மொட்டை மாடியில் வற்றலுக்குக் காவலிருந்து காக்கை விரட்டியது ஆகிய யாவும் பாட்டாயின. சில மாலைகளில் அவளுடன் ஆற்றுக்கும் போனோம். மீன்கள் எங்கள் விரல்களையும் விட்டுவைக்கவில்லை!

பணமும் ஓய்வும் உள்ளவர்க்கே கோடை இன்பம் என்று எண்ணியிருந்த எங்களுக்கு, உழைப்பின் நடுவே கிடைக்கும் சிறு மகிழ்ச்சியைப் போற்றக் கற்றுத் தந்தாள் எங்கள் தோழி. அவள் கைகளுக்கு இன்னும் சற்று ஓய்வு கிடைக்க வேண்டும் என்பதே இந்த ஆண்டு எங்கள் மன்றாட்டு.

— ஒன்பதாம் வகுப்பு மாணவியர்