ஒப்புக்கொண்ட பிறகே தெரிய வந்த கொலைகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள உட்ஸ்டாக் நகரின் நீதிமன்றம், 2017 ஜூன் 26 அன்று, எலிசபெத் வெட்லாஃபர் என்னும் செவிலியருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 25 ஆண்டுகள் கழியும்வரை அவர் பரோல், அதாவது நிபந்தனைக்கு உட்பட்ட விடுதலை, கோர முடியாது. 2007க்கும் 2014க்கும் இடையே எட்டு முதியோரைக் கொன்றதையும், வேறு நால்வரைக் கொல்ல முயன்றதையும், இருவரைக் கொடுமையாகத் தாக்கியதையும் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். இறந்தோர் 75 முதல் 96 வயது வரையிலானவர்கள். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத அளவுக்குத் தளர்ந்தவர்களுக்காக அரசின் நிதியுதவியோடு நடக்கும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வாழ்ந்தவர்கள்.

அவர் கையாண்ட கருவி இன்சுலின். தென்காசி மாவட்டத்தின் திருவேங்கடம் வட்டாரத்தில் சர்க்கரை நோயாளி இருக்கும் பல வீடுகளின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் அதே மருந்துதான். அது அளவு மீறினால் இரத்தத்தின் சர்க்கரை சரிந்து, சர்க்கரையையே எரிபொருளாகக் கொண்ட மூளை செயலிழக்கிறது. உடல் தானே இன்சுலினைச் சுரக்கும்போது சி-பெப்டைடு என்னும் துணைப்பொருளும் சம அளவில் உருவாகும். ஊசி வழியே செலுத்திய இன்சுலினில் அது இராது. ஆகவே இன்சுலின் மிகுந்தும் சி-பெப்டைடு குறைந்தும் காணப்பட்டால், அது வெளியிலிருந்து வந்தது என்று மருத்துவர் ஐயுற முடியும். ஆனால் அதற்கு உரிய நேரத்தில் இரத்தம் எடுத்திருக்க வேண்டும். எடுக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கவும் வேண்டும். தொண்ணூறு வயது மூதாட்டி இறந்தால் எவருக்கும் அப்படித் தோன்றுவதில்லை. போதைத்தன்மையுள்ள மருந்துகளைப் பூட்டி வைத்து எண்ணிக் கணக்குக் காட்டிய அந்த இல்லங்களில், இன்சுலினுக்கு அத்தகைய கணக்கு இல்லை.

2014இல் மருந்து கொடுப்பதில் நேர்ந்த தவறுகளுக்காக ஓர் இல்லம் அவரைப் பணிநீக்கம் செய்தது. செய்துவிட்டு நற்சான்றுக் கடிதமும் கொடுத்தது. அடுத்த இல்லத்தில் மீண்டும் ஓர் உயிர் போனது. 2016 செப்டம்பரில், டொராண்டோவில் உள்ள மனநல மருத்துவமனை ஒன்றில் அவரே வாய்திறந்து சொன்ன பிறகுதான் கொலை நடந்ததே உலகுக்குத் தெரிந்தது. நீதிபதி ஐலீன் கில்லீஸ் தலைமையிலான பொது விசாரணை ஆணையம் 2019 ஜூலையில் அளித்த அறிக்கை, வெட்லாஃபர் சொல்லியிராவிட்டால் இக்குற்றங்கள் வெளிவந்தே இரா என்று தெளிவாகப் பதிவு செய்தது. தனியொருவர்மீது பழி சுமத்தாமல், அமைப்பின் ஓட்டைகளைச் சுட்டி 91 பரிந்துரைகளை முன்வைத்தது. மருந்தறைக்குக் கண்ணாடிச் சன்னல் வைத்தல், இன்சுலின் இருப்பைக் கண்காணித்தல், இல்லங்களில் நேரும் இறப்பைப் பதியும் படிவத்தைத் திருத்தி எழுதுதல், செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டுதல் எனப் பெரும்பாலும் எளிய காரியங்கள். இவ்வளவு எளியவை எட்டு உயிர்களுக்குப் பிறகே எழுதப்பட்டன என்பது பொறுக்க முடியாத செய்தி.

பதிவேடு காப்பது நோயாளியை மட்டுமன்று. நெதர்லாந்தில் லூசியா டி பெர்க் என்னும் செவிலியர், அவருடைய பணிநேரங்களில் இறப்புகள் தற்செயலாகக் குவிவதற்கான வாய்ப்பு 34 கோடியே 20 லட்சத்தில் ஒன்றுதான் என்ற கணக்கும் துணைநிற்க, 2003இல் ஆயுள் தண்டனை பெற்றார். அக்கணக்கும் மருத்துவச் சான்றும் பிழையானவை எனத் தெரிந்து 2010இல் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். இங்கிலாந்தின் செஸ்டர் நகர மருத்துவமனையில் ஏழு பச்சிளங்குழந்தைகளைக் கொன்றதாக 2023இல் தண்டிக்கப்பட்ட செவிலியர் லூசி லெட்பியின் வழக்கிலும், கொலைக்கு மருத்துவச் சான்று இல்லை என்று பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2025இல் அறிவித்தது. குழந்தைகள் இறந்த காலத்திலேயே ஒவ்வோர் இறப்பும் முறையாக ஆராயப்பட்டிருந்தால், பெற்றோரும் செவிலியரும் இத்தனை ஆண்டுகள் கழித்து வல்லுநர்களின் முரண்பட்ட கூற்றுகளுக்கிடையே நிற்க நேர்ந்திராது.

தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களின் பெண்கள் செவிலியர் பட்டமோ பட்டயமோ பெற்று வெளிநாடு செல்லும் இக்காலத்தில், இது கடலுக்கு அப்பாலுள்ளவர்களின் கவலை மட்டுமன்று. ஒன்டாரியோ இல்லங்களில் எந்நேரமும் பதிவுபெற்ற செவிலியர் ஒருவரேனும் பணியில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இரவில் பல இடங்களில் அந்த ஒருவரே இருக்கிறார். அவர் செய்ததற்கும் செய்யாததற்கும் அவருடைய சொல்லைத் தவிர வேறு சான்று இல்லாத நிலை, குற்றவாளிக்குத் திரையாகிறது. நேர்மையாக உழைப்பவளுக்கோ ஆபத்தாகிறது.

நம் ஊரின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. இந்தியாவில் 2020இல் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்கே மருத்துவர் சான்றளித்த இறப்புக் காரணம் இருந்தது. திருவேங்கடத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இறப்பைப் பதிபவர் கிராம நிர்வாக அலுவலர். அவர் முன் வீட்டார் சொல்லும் காரணமே பெரும்பாலும் காரணமாகிறது. மருத்துவமனையில் இறந்தால் நான்காம் எண் படிவத்தில் மருத்துவர் காரணம் எழுதித் தர வேண்டும். அப்படிவத்தின் நகல் இறந்தவரின் உறவினருக்கும் உரியது. அதைக் கேட்டு வாங்குவதும், வாங்கியதைப் படிப்பதும், புரியாத சொல்லுக்கு மருத்துவரிடமே விளக்கம் கேட்பதும் இப்போதே தொடங்கக் கூடியவை.