இரவு பத்து மணி

கும்பகோணத்தில் இருக்கும் அந்த அம்மாவுக்கு 62 வயது. அவருடைய தலையணைக்கு அடியில் எப்போதும் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். அல்பிரசோலம், 0.25 மில்லிகிராம். பார்த்தால் மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் அது வீட்டுக்கு வந்தது. இரவு பத்து மணியானால் அவருக்கு நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், மூச்சு முட்டும். இ.சி.ஜி.யில் ஒரு கோளாறும் இல்லை. "பதற்றம்தாம்மா" என்று டாக்டர் பத்து நாளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தப் பத்து நாள் நான்கு வருடமானது. மருந்துக்கடைக்காரர் தெரிந்தவர். சீட்டு கேட்காமலேயே கொடுத்துவிடுவார். ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு நான்கானது. பகலிலும் தள்ளாட்டம், மறதி. ஒருநாள் குளியலறையில் விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

செய்தி கேட்டு மகன் சென்னையிலிருந்து ஓடி வந்தார். "எல்லாம் இந்த மாத்திரையாலதான். இனிமே வேணாம்மா" என்று அட்டையைக் குப்பையில் வீசினார். அம்மா எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் கை நடுங்கியது. தூக்கம் பொட்டுக்கூட இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் வலிப்பு வந்துவிட்டது.

மருத்துவமனையில் மனநல மருத்துவர்தான் மகனுக்கு விளக்கினார். மூளையின் பரபரப்பை அடக்க 'காபா' என்ற ரசாயனம் உண்டு. அதுதான் பிரேக். பென்சோடயசெபைன் வகை மாத்திரைகள் அந்த பிரேக்குக்குக் கூடுதல் பலம் கொடுக்கும். தினமும் போட்டால் மூளை அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் பிரேக் பிடிக்காத வண்டிதான்.

இந்த வகையில் முதல் மாத்திரை 1960-ல் சந்தைக்கு வந்தது. 1963-ல் டயசிபாம் வந்தது. முன்பிருந்த தூக்க மருந்துகளைவிட ஆபத்து குறைவு என்று உலகமே வரவேற்றது. இவையும் பழக்கமாகிவிடும் என்பது போகப்போகத்தான் புரிந்தது. கடும் பதற்றத்துக்கு உடனே கைகொடுக்கும் நல்ல மருந்துதான். ஆனால் பொதுவாக 2 முதல் 4 வாரத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 2014 முதல் அல்பிரசோலம் 'எச் 1' பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும்.

"அப்போ நான் செஞ்சது தப்பா டாக்டர்?" என்றார் மகன், தொண்டை அடைக்க.

"நிறுத்த நினைச்சது சரி. ஒரே நாள்ல நிறுத்தினதுதான் தப்பு."

மாத்திரையை மறுபடி தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை துளித்துளியாகக் குறைத்தார்கள். முழுதாக விட பத்து மாதம் ஆனது. கூடவே மனநல ஆலோசனையும் நடந்தது. "ஏம்மா, சரியா பத்து மணிக்கே படபடப்பு வருது?" என்று ஆலோசகர் கேட்டார். நான்கு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.

"அவர் கடையை அடைச்சிட்டு வீட்டுக்கு வர்ற நேரம் அது" என்று சொல்லிவிட்டு அம்மா அழுதார்.

இப்போது தினமும் இரவு பத்து மணிக்குச் சென்னையிலிருந்து போன் வருகிறது. "சாப்பிட்டியாம்மா?" என்றுதான் மகன் ஆரம்பிப்பார். சில நாள் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியும். சில நாள் பதினொன்றைத் தாண்டும்.